டவர் மேலே போன நாள்

ஊருக்கு வெளியே, குப்பைக் கிடங்கைத் தாண்டிப் போனால் ஒரு தகரக் கொட்டகை வரும். அதன் முன்னால் ஒரு தார்ப் பாதை. சாலை என்று நினைத்து லாரிக்காரர்கள் சிலர் அதில் வண்டியைத் திருப்பியதும் உண்டு. வாசலில் 'விமானப் பயிற்சிக் கழகம்' என்று பலகை மாட்டியிருந்ததால் அது விமான நிலையம். மற்றபடி அதை நிரூபிக்க வேறு சாட்சி இல்லை.

கழகத்துக்கு இரண்டு விமானங்கள். நான்கு பேர் உட்காரக்கூடியதைப் பெரியவள் என்றும், இரண்டு பேருக்கானதைச் சின்னவள் என்றும் கூப்பிடுவார்கள். சின்னவளுக்கு எப்போதும் ஏதாவது ஒரு உதிரிபாகம் வந்துகொண்டே இருக்கும். வந்து சேர்ந்ததைத்தான் யாரும் பார்த்ததில்லை. அது வராமலே அவளும் பறந்துகொண்டிருந்தாள். கழகத்தில் சேர்ந்து நாலு தடவை மேலே போய் இறங்கியவர் எல்லாரும் கேப்டன். டைல்ஸ் கடைக்காரர் டைல்ஸ் கேப்டன், பல் டாக்டர் டாக்டர் கேப்டன். உண்மையிலேயே விமானம் ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் பயிற்சியாளர். அவரை மட்டும் மாஸ்டர் என்றார்கள்.

இவர்களையெல்லாம் மேய்க்கும் வேலை, கொட்டகையில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்த அவளுடையது. காலையில் வந்து ஓடுபாதையில் படுத்திருக்கும் நாய்களை எழுப்பி அனுப்புவாள். யாருக்கு எந்த விமானம், எந்த மணிக்கு என்று எழுதுவாள், அதற்காக நடக்கும் சண்டைகளைத் தீர்ப்பாள், சாவியை எடுத்துக் கொடுப்பாள். மேஜையில் ஒரு ரேடியோ இருந்தது. மேலே இருப்பவர் காற்று எப்படி என்று கேட்டால், ஜன்னல் வழியாகக் கம்பத்தில் பறக்கும் காற்றுப்பையைப் பார்த்து எந்தப் பக்கம் வீசுகிறது என்று சொல்ல வேண்டும். அந்த இடத்தில் கட்டுப்பாட்டுக் கோபுரம் இல்லாததால் எல்லாரும் அவளையே டவர் என்று அழைத்தார்கள். ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவான டவர்.

மழை வந்தால் அவளிடம்தான் கோபித்துக்கொள்வார்கள். "என்ன டவர், நான் புக் பண்ணின நாளாப் பார்த்து மேகத்தைக் கொண்டாந்து வச்சிருக்கீங்க?" என்று டைல்ஸ் கேப்டன் கேட்பார். மன்னித்துக்கொள்ளுங்கள் என்பதுபோல அவளும் சிரித்து வைப்பாள்.

இத்தனை வருடத்தில் அவள் ஒரு தடவைகூட விமானத்தில் ஏறியதில்லை. வேண்டாமென்று இல்லை. யாரும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. கப்பல் துறைமுகத்தில் வேலை பார்ப்பவரெல்லாம் கடலிலா குடியிருக்கிறார்கள்?

வீட்டில் இந்த வேலைக்கு இருந்த மரியாதை தனி ரகம். கணவர் நல்லவர், அதாவது எதிலும் கருத்து சொல்லமாட்டார். அவருக்கும் சேர்த்துக் கருத்து சொல்ல அவருடைய அண்ணன் இருந்தார். ஒரு பெரிய கம்பெனியில் மேலாளர். யார் எந்த வேலை பார்த்தாலும் அதைத் தன்னால் இன்னும் நன்றாகச் செய்திருக்க முடியும் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. "சாவி எடுத்துக் குடுக்கிற வேலைதானேம்மா, வீட்டுல சும்மா இருக்கிறதுக்கு அது பரவாயில்ல" என்று கைகழுவும்போது சொல்வார். சாப்பாடு போட்டவளுக்கு அதுதான் பாராட்டு.

அவருக்குப் பதவி உயர்வு வந்தபோது அலுவலகத்தில் ஒரு பரிசு கொடுத்தார்கள். மூன்று பேர் அரை மணி நேரம் விமானத்தில் சுற்றிவரலாம் என்ற சீட்டு. அவர் எங்கேயாவது கொஞ்ச நேரம் போய்வந்தால் தேவலை என்று அலுவலகத்தார் நினைத்திருக்கலாம். சீட்டைத் திருப்பிப் பார்த்தால் தம்பி மனைவி வேலை பார்க்கும் கழகம். ஒரு சனிக்கிழமை காலை மனைவி, கல்லூரியில் படிக்கும் மகள் சகிதம் வந்து இறங்கினார். கறுப்புக் கண்ணாடி, புதுத் தொப்பி. பைலட் வராவிட்டாலும் சமாளித்துக்கொள்வார் போலிருந்தது.

விமானத்தில் ஏறுகிறவர் எடையைக் கேட்க வேண்டும். உண்மையைச் சொன்னவர் இதுவரை யாருமில்லை. மற்றவர்கள் என்றால் அவள் மூலையிலிருக்கும் எடை இயந்திரத்தைக் காட்டுவாள். கணவரின் அண்ணன், மூத்தார்; அவரை அதில் ஏறி நில்லுங்கள் என்று எந்த வாயால் சொல்வது?

"எழுபத்தஞ்சு" என்றார் அவர், வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு.

"சரிங்க மாமா" என்று எழுதிக்கொண்டாள்.

மாஸ்டருக்கு மூத்தார், இளையார் என்ற பேதமெல்லாம் கிடையாது. மனிதர்களை அவர் மூட்டைகளாக மட்டுமே பார்ப்பார். மூத்தாரை மேலும் கீழுமாக ஒரு தடவை பார்த்துவிட்டு, "சார், அதுல ஏறி நில்லுங்க" என்றார்.

முள் எழுபத்தைந்தில் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. தொண்ணூறைத் தாண்டியும் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் நின்றது.

"ஷூ கனமான ஷூ" என்றார் மூத்தார். ஷூவைக் கழற்றினார். பிறகு கைப்பேசி, பர்ஸ், பெல்ட், தொப்பி. கறுப்புக் கண்ணாடியையும் கழற்றி மனைவி கையில் கொடுத்தார். முள் அசையவில்லை.

"வெயில் ஏறிடுச்சு, டேங்கும் ஃபுல்லா இருக்கு. இந்த எடையோட, என்னையும் சேர்த்து நாலு பேரும் போக முடியாது. யாராவது ஒருத்தர் இருங்க" என்று சொல்லிவிட்டு மாஸ்டர் வெளியே போனார்.

மூத்தார் யோசிக்கவே இல்லை. "நீ இரு" என்றார் மனைவியிடம்.

அந்த அம்மாள் தலையாட்டிவிட்டுப் பெஞ்சைப் பார்த்து நடக்கத் தொடங்கிவிட்டார். அவருக்கு அது பழக்கம். ஆனால் மகள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "அம்மா வரலன்னா நானும் வரல."

"அப்போ நீங்களே போங்க! நான் வரல!" என்று கத்தினார் மூத்தார்.

இப்படிச் சொன்னால் வழக்கமாக என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். நீங்கள் இல்லாமலா என்பார்கள், கையைப் பிடிப்பார்கள், அவர் போனால் போகிறது என்று ஒப்புக்கொள்வார். அதற்காகக் காத்திருந்தார்.

"சரிங்க" என்றார் மனைவி. பெஞ்சிலிருந்து கைப்பையை எடுத்துக்கொண்டு விமானத்தை நோக்கிப் போய்விட்டார்.

இப்போது ஒரு இடம் காலி, எடையிலும் தொண்ணூறு கிலோ குறைந்திருந்தது. "சித்தி, நீங்களும் வாங்க!" என்று மகள் டவரின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஐயோ, ரேடியோவ யாரு பாக்கிறது? டாக்டர் வேற சின்னவளை எடுத்துக்கிட்டு மேல இருக்காரே."

டீ குடித்துக்கொண்டிருந்த கழகத்து மெக்கானிக், "நான் பாத்துக்கிறேன், போ தாயி" என்றார்.

பெரியவள் ஓடினாள், தடதடத்தாள், தடதடப்பு சட்டென்று நின்றது. டவர் கண்ணைத் திறந்தபோது தகரக் கொட்டகை ஒரு தீப்பெட்டி. ஆறு வளைந்து வெயிலில் மின்னியது. குப்பைக் கிடங்குகூட மேலேயிருந்து பார்க்க ஏதோ பூந்தோட்டம் மாதிரி நிறம் நிறமாக இருந்தது. கேப்டன்கள் வருடக்கணக்கில் மேஜைமேல் சாய்ந்துகொண்டு மேலே எப்படி இருக்கும் என்று அளந்தபோதெல்லாம் புளுகு என்று நினைத்து வேறு வேலையைப் பார்த்தவள் அவள். பாவிகள் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். பக்கத்தில் ஓரகத்தி, மூத்தாரின் மனைவி, கண்ணாடியில் மூக்கை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் ஹெட்செட்டில் ஒரு குரல் கேட்டது.

"சாவி குடுக்கிற வேலை பாக்கிற பொம்பளைக்கு இவ்வளவு திமிரா?"

கீழே மெக்கானிக் டீக்கிளாஸைக் கழுவப் போயிருந்தார். மூத்தார் மேஜைக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து, கைக்கு ஏதாவது வேண்டுமே என்று மைக்கை எடுத்திருந்தார். அதிலுள்ள பட்டனை அழுத்திப் பிடித்தால் பேசுவது வானத்தில் இருக்கும் எல்லாருக்கும் கேட்கும். அதுவரை வேறு யாரும் பேசவும் முடியாது. திரும்பி வந்து வாசலில் முதுகைக் காட்டி நின்ற மெக்கானிக்கிடம் மனம்விட்டுப் பேசும்போது மூத்தார் பட்டனை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"என் தம்பியச் சொல்லணும். வாயில்லாப் பூச்சி. ஒரு மிஷினைக் காட்டி என் மானத்தையே வாங்கிட்டாங்க. என் வீட்டுக்காரியப் பாருங்க, போன்னா போயிடறதா? அவளுக்கு லிஃப்ட்ல போனாலே தலை சுத்தும். இப்போ மேல அழுதுகிட்டு இருப்பா. எழுதித் தரேன்."

விமானத்துக்குள் யாரும் யாரையும் பார்க்கவில்லை. முதலில் ஒரு விசும்பல் மாதிரிக் கேட்டது. டவர் பயந்து திரும்பினாள். ஓரகத்தி அழவில்லை, சிரித்துக்கொண்டிருந்தார். ஹெட்செட் கழன்று விழுகிற அளவுக்குச் சிரித்தார். இருபது வருடத்தில் இந்த அக்காவின் பல்வரிசை எப்படியிருக்கும் என்று அன்றைக்குத்தான் அவள் பார்த்தாள்.

கீழே மூச்சுவிட ஒரு நொடி பட்டன் விடுபட்டது. அந்த இடைவெளியில் டாக்டர் கேப்டன் பரிதாபமாக நுழைந்தார். "டவர், நான் இறங்கணும். காத்து எப்படி?"

"காத்தா? நல்லாத்தான் வருது, ஜன்னல் திறந்துதான் இருக்கு" என்றார் மூத்தார்.

மாஸ்டர் பல்லைக் கடித்தார். பிறகு என்ன நினைத்தாரோ, "இந்த பட்டன்தான். பேசுங்க, உங்க டிபார்ட்மென்ட்" என்று அவளுக்குக் காட்டினார்.

அடுத்த இடைவெளிக்காகக் காத்திருந்து அவள் அழுத்தினாள். "மாமா, அந்த பட்டனை விடுங்க. மைக்கை மேஜை மேல வைங்க. நீங்க பேசினது அத்தனையும் இங்க எல்லாருக்கும் கேட்டுச்சு."

ரேடியோ அமைதியானது. அவள் குனிந்து காற்றுப்பையைத் தேடினாள். மேலேயிருந்து பார்க்க ஒரு மிளகாய்ப் பழம் அளவுக்கு இருந்தது. "டாக்டர் சார், மேற்கேயிருந்து, லேசாத்தான் வீசுது. வாங்க."

இறங்கியபோது மூத்தார் காருக்குள் உட்கார்ந்திருந்தார், கறுப்புக் கண்ணாடியோடு. கார் கிளம்பியபோது மகள் மட்டும் கையசைத்தாள்.

அன்று மாலை கணவர் வழக்கத்துக்கு மாறாக ஒரு கருத்தோடு வந்தார். "அண்ணன்கிட்ட அப்படியா பேசுவ?"

"ரேடியோவுல சுருக்கமாத்தான் பேசணும். அதுதான் ரூல்."

அவர் சட்டையைக் கழற்றி மாட்டினார். "அண்ணி போன் பண்ணினாங்க. அவ்வளவு சிரிச்சிக்கிட்டே பேசினாங்க. உடம்பு சரியில்லையோன்னு பயந்துட்டேன்" என்றார்.

மூத்தார் சில மாதங்கள் தம்பி வீட்டுப் பக்கம் வரவில்லை. வீட்டார் அந்தத் துயரத்தைத் தைரியமாகத் தாங்கிக்கொண்டார்கள். பிறகு ஒரு கல்யாண வீட்டில் பார்த்தபோது அவரைச் சுற்றி ஒரு கூட்டம். அன்றைக்கு ஊழியர்கள் எல்லாரும் பொறுப்பில்லாமல் மேலே போய்விட்டதாகவும், கீழேயிருந்து விமானங்களுக்குத் தான்தான் வழிகாட்டியதாகவும் சொல்லிக்கொண்டிருந்தார். டவர் பந்திப் பக்கம் நழுவப் பார்த்தாள்.

பின்னால் நின்றிருந்த ஓரகத்தி அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். "என்னங்க" என்றார் கணவரிடம், கூட்டத்துக்கே கேட்கும்படி. "இருங்க, இவளும் கேக்கட்டும். முதல்லேயிருந்து சொல்லுங்க."

அவர் தொண்டையைச் செருமினார். தண்ணீர் கேட்டார். பிறகு, மாப்பிள்ளை எந்தக் கம்பெனியில் வேலை பார்க்கிறார் என்று பக்கத்தில் இருந்தவரை விசாரிக்க ஆரம்பித்தார்.