அந்த மெட்டு டெஸ்மன் அண்ணனுடையது அல்ல

டெஸ்மன் அண்ணன் இறந்த செய்தி வந்தபோது, நான் படிப்பிக்கும் கரடியனாற்றுப் பாடசாலை முழுக்க வெள்ளத்தில் வீடிழந்த சனம். வகுப்பறையில் சோறு வடித்துக்கொண்டிருந்தோம். அவருடைய மகள் ஷாமினி தொலைபேசியில் சொன்னாள்: “அன்ரி, அப்பா போயிட்டார்.” நகரத்துக்குப் போகிற பாதை தண்ணீருக்குள் கிடந்தது. பாதை இருந்திருந்தாலும் போயிருப்பேனா என்பது எனக்கே தெரியாது.

பிறகு மீண்டும் எடுத்தாள். முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதச் சொன்னாள்.

“நீங்கதானே கனகாலம் அப்பாவோட பாடின ஆள். நல்லா எழுதித் தாங்க.”

“நல்லா எழுத எனக்கு ஏலா புள்ள. நடந்தத எழுதினாப் போடுவியா?”

“எழுதுங்க அன்ரி” என்றாள். அவள் தகப்பனைப் போன்றவள் அல்ல.

அவரைத் தெரிந்த உங்களுக்கு ‘புளூ ஹெரன்ஸ்’ இசைக்குழுவையும் தெரியும். கலியாண வீடுகளிலும் கிறிஸ்து பிறந்த நத்தார் நாள் நடனங்களிலும் பைலா ஆட்டப்பாட்டு வாசித்துத் தொடங்கிய குழு அது. டெஸ்மன் அண்ணன் கிற்றார். என் தம்பி ஜெயம் ட்ரம்ஸ். நான் பாட்டு. அந்த நாளில் எங்கள் சத்தம் மெலிந்தது, சுத்தமானது. கிற்றாரின் ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாகக் கேட்கும். ஜெயத்தின் அடி மட்டும் ஒரு மயிரிழை பிந்தி விழும். அதனால்தான் எங்கள் பாட்டுக்கு ஆடியவர்களின் உடம்பு தோணி மாதிரிச் சாய்ந்து நிமிர்ந்தது. மற்றக் குழுக்களுக்கு அது வாய்க்கவில்லை.

மதில்களில் ஒட்டிய இரங்கல் சுவரொட்டிகளில் அவருடைய ‘அழியாத மெட்டு’ என்று ஒரு பாட்டைக் குறிப்பிட்டிருந்தார்கள். அந்த மெட்டு பிறந்தபோது நான் அந்த அறையில் இருந்தேன். புளியந்தீவில் டெஸ்மன் அண்ணன் வீட்டுப் பின்னறை அது. ஜெயம் ட்ரம்மின் தோலை இறுக்கிக்கொண்டே எதையோ முனகினான். “அத இன்னொருக்கா பாடு” என்றார் டெஸ்மன் அண்ணன். அவன் பாடினான். நான் அதற்கு ஒரு காதல் பாட்டு எழுதினேன். வானொலிக்காரர் வந்து கேட்டபோது, கல்லடிப் பாலத்தில் தனியாக நின்று தண்ணீரைப் பார்க்கையில் அந்த மெட்டுத் தனக்கு வந்ததாக டெஸ்மன் அண்ணன் சொன்னார். நான் கொதித்தேன். ஜெயம் சிரித்தான். “விடு அக்கா. அவர்ர பேரச் சொன்னாத்தான் ரேடியோவில போடுவாங்க.”

மறுகா சில வருடங்களில் யுத்தம் எங்களையும் பிடித்தது. மின்சாரம் இல்லாத வருடங்களில் கார் பற்றறியில் ஒரு சிறிய ஒலிபெருக்கியை ஓட்டினோம். காட்டுப் பக்கமிருந்து வந்த இயக்கக்காரர் ஆங்கிலப் பெயர் வேண்டாம் என்றார்கள், ‘நீலக்கொக்குகள்’ ஆனோம். எழுச்சிப் பாட்டு வேண்டும் என்றார்கள். டெஸ்மன் அண்ணன் என் காதல் வரிகளைக் கழற்றிவிட்டு அதே மெட்டில் போர் வரிகளைப் பூட்டினார். பிறகு இடம் ஆமியின் கைக்கு மாறியது. முகாமில் ஓர் அதிகாரிக்குப் பிரியாவிடை என்று ஆமிக்காரர் கூப்பிட்டார்கள். அதே மெட்டில் சிங்கள வரி வந்தது. இதற்காக அவரை நான் குறை சொல்லவில்லை. துவக்குக்கு முன்னால் நாங்கள் எல்லோரும்தான் பாடினோம். ஆனால் எங்களுக்குத் தொண்டை வறண்டது. அவருக்கு வறளவில்லை. இரண்டு இடத்திலும் கைதட்டலுக்காக ஒரே மாதிரிக் காத்து நின்றார்.

சமாதான காலத்தில் கொழும்பிலிருந்து பெரிய அம்ப் ஒலிபெருக்கி இரண்டு வந்தன. கிற்றார் உறுமத் தொடங்கியது. ஜெயத்தின் அடி நெஞ்செலும்பில் கேட்டது. அதுதான் எங்கள் உண்மையான சத்தம் என்று இன்றும் நினைக்கிறேன். பனிச்சங்கேணியில் ஒரு மேடையில் ஜெயத்தின் குச்சி உடைந்தது. அவன் நிறுத்தாமல் வெறுங்கையால் அடித்தான். சனம் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. டெஸ்மன் அண்ணன் வாசித்துக்கொண்டே பின்னால் போய், ட்ரம்ஸுக்கு முன்னாலிருந்த மைக்கின் வயரைக் காலால் இழுத்துவிட்டார். மேடையிலிருந்து இறங்கிய பிறகு ஏன் என்று கேட்டேன். “ஒரு குழுவுக்கு ஒரு முகந்தான் இருக்கவேணும், ராணி” என்றார். இதை அவருடைய பொன்மொழியாக மலரில் போட விரும்பினால் போடலாம்.

இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு நத்தார் இரவு நிகழ்ச்சி முடிந்ததும் சாமான்களை நகரத்துக்குக் கொண்டுபோக அவருக்கு அலுப்பு. நாவலடிக் கடற்கரையில் ஜெயத்தின் வீட்டில் இறக்கச் சொன்னார். விடிந்ததும் கடல் வந்தது.

நான் கலியாணம் முடித்து நகரத்துக்குள் அரசடியில் இருந்ததால் தப்பினேன். ஆஸ்பத்திரி வாசலில், நிலத்தில் கிடத்தியிருந்தவர்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டு நடந்தபோது டெஸ்மன் அண்ணன் எதிரே வந்தார். காற்சட்டை முழுக்கச் சேறு.

“சாமான் எல்லாம் ஜெயத்திட வீட்டிலதானே இருந்த?”

நான் அடுத்த முகத்தைப் பார்க்கக் குனிந்தேன்.

“அப்ப அம்ப் ரெண்டும் போயிருக்கும்” என்றார். அதற்குப் பிறகுதான், “ஜெயத்தக் கண்டியா?” என்று கேட்டார்.

ஜெயத்தை அடக்கம் செய்தபோது அவர் சத்தம்போட்டு அழுதார். அந்த அழுகை பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் அம்ப்தான் முதலில் வந்தது.

உதவி நிறுவனம் ஒன்று குழுவுக்கு ஒரு கீபோட் கொடுத்தது. ஒரு சுவிட்சைத் தட்டினால் அதற்குள் இருந்து ட்ரம்ஸ் அடிக்கும். வேறு ட்ரம்காரனைத் தேடவேண்டாம் என்று அவர் முடிவெடுத்தார். “இது பிந்தி அடிக்கமாட்டா, ராணி” என்று சிரித்தார். நான் அந்தச் சிரிப்பை மறக்கவில்லை. கடல்கோளின் முதலாம் ஆண்டு நினைவு நிகழ்ச்சியில் அதே மெட்டில் கடலைப் பற்றிய பாட்டு வந்தது. தானே அழுதழுது ஆக்கிய பாட்டு என்று மேடையில் சொன்னார். ஜெயத்தின் பெயர் அவர் வாயில் வரவில்லை. பின்வரிசையில் என் அம்மா இருந்தார்.

அப்போதே நான் ஏன் விலகவில்லை என்று கேட்பீர்கள். ஜெயத்தின் மெட்டைப் பாட எனக்கு வேறு மேடை இருக்கவில்லை.

யுத்தம் முடிந்த மாதத்தில் நகரத்தில் பெரிய கொண்டாட்டம் ஒழுங்கானது. குழுவுக்கு மறுபடியும் ‘புளூ ஹெரன்ஸ்’ என்று பெயர். பயிற்சிக்குப் போனபோதுதான் என்ன நிகழ்ச்சி என்று சொன்னார். அதே மெட்டு, இந்த முறை வெற்றிக்கும் நன்றிக்குமான வரிகள். கடைசிச் சண்டை நடந்த முல்லைத்தீவில் கலியாணம் முடித்திருந்த என் அக்காவைப் பற்றி அப்போது ஒரு தகவலும் இல்லை.

“அண்ணன், அக்கா உயிரோட இருக்காவா எண்டே தெரியா. நான் இதப் பாடமாட்டன்.”

“அதுக்கு நான் என்ன செய்யிற? கேட்டா இல்லயெண்டு சொல்ல ஏலுமா?”

“சுகமில்ல எண்டு சொல்லலாம்.”

“மேடையில ஏறாட்டி நான் செத்திருவன், ராணி” என்றார்.

அது மெய்யென்றே நினைக்கிறேன். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியேறினேன். வேறொரு பிள்ளையைப் பிடித்துப் பாடவைத்தார். அக்கா பிறகும் வரவில்லை.

அவருக்குப் பாரிசவாதம் வந்து வலக்கை விழுந்த பிறகு ஒரே ஒரு தரம் பார்க்கப் போனேன். சுகம் விசாரிக்கப் போகவில்லை, ஒன்று கேட்கப் போனேன்.

“அண்ணன், அந்த மெட்டு ஆர்ட?”

அவர் என்னை நேராகப் பார்த்தார். “ஜெயத்திட. உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சனத்துக்குத் தெரிஞ்சு என்ன வரப்போகுது?”

“நீங்க ஒருக்கா வாயால சொன்னாக் காணும்.”

“நான் சொல்லமாட்டன் கா. நான் போனாப் பிறகு நீ சொல்லு.”

தேத்தண்ணியைக் குடிக்காமல் எழும்பி வந்தேன். இப்போது சொல்லிவிட்டேன். மெட்டு என் தம்பி ஜெயசீலனுடையது. முதல் வரிகள் என்னுடையவை.

மற்றவர்கள் அவருடைய சிரிப்பை, தொப்பியை, மேடையில் அவர் குனிந்து எழும்பும் விதத்தை வைத்துக்கொள்வார்கள். எனக்கு அவை வேண்டாம். நான் வைத்துக்கொள்வது ஒன்றுதான். அந்தப் பாட்டில் குரல் வருவதற்கு முன் கிற்றாரில் ஒரு சிறு தொடக்கம் உண்டு. மேலே ஏறி, தயங்கி, இறங்காமலே நின்றுவிடும். அது டெஸ்மன் அண்ணனுடையது. அவரைத் தவிர யாருக்கும் அது தோன்றியிராது. கரடியனாற்றில் பிள்ளைகளுக்கு இந்தப் பாட்டைச் சொல்லிக்கொடுக்கிறேன். அதை விட்டுவிட்டு நேரே ஜெயத்தின் மெட்டில் தொடங்கிப் பார்த்தேன். குரல் எடுபடவில்லை. அந்த மனிதரைத் திட்டிக்கொண்டே, அவர் வாசித்ததை வாயால் முனகித்தான் என் தம்பியின் பாட்டுக்குள் போகிறேன்.