ஆறு நாள் இரவல் போன வில்

என் வலது கைப் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தொடாமல் போய் மூன்று வருடங்களாகின்றன. சோற்றைக் குழைத்து வாயருகே கொண்டுபோவதற்குள் பாதி மடியில் கொட்டிவிடும். அதனால் கரண்டியால் சாப்பிடுகிறேன். சொந்தக்காரர் வீடுகளில் எல்லோரும் கையால் பிசைந்து சாப்பிடும்போது எனக்கு மட்டும் ஒரு கரண்டி வரும். இதற்குக் காரணம் என் மனைவியின் தம்பி. அவனைப் பற்றி நாகரிகமாக எழுதவேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. நாசமாய்ப் போவான் என்றே தொடங்குகிறேன்.

நான் மான் வேட்டைக்குப் போகிறவன். நாங்கள் இருக்கும் மில்லிக்கனில் இருந்து விடிய முதல் புறப்பட்டு இரண்டு மணி நேரம் வடக்கே கார் ஓடினால் ஒரு விவசாயியின் காணி வரும். அங்கே ஒரு மேப்பிள் மரத்தோடு சேர்த்து ஓர் இரும்பு ஏணியைக் கட்டி வைத்திருக்கிறேன். ஏணியின் உச்சியில் ஒரு சின்ன இருக்கை. அதில் குறொஸ்போவுடன் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். குறொஸ்போ என்றால் துவக்கைப் போலத் தோளில் வைத்து விசையை அழுத்தும் வில்.

இந்த விஷயத்தில் என்னைப் போன்ற அலுப்புப் பிடித்த மனிதனைக் காணமுடியாது. வில்லைக் கையில் பிடித்துக்கொண்டு ஏணியில் ஏறமாட்டேன். மேலே போய், விழாமல் பிடிக்க உடம்பில் கட்டும் பட்டியை மரத்தில் கொளுவிய பிறகுதான் கயிற்றால் இழுத்தெடுப்பேன். அதுவரை அதில் அம்பு வைக்கமாட்டேன். ஒவ்வொரு முறையும் போவதற்கு முதல் நாள் வில்லின் இரண்டு கைகளிலும் பஞ்சால் தடவிப் பார்ப்பேன். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருந்தால் பஞ்சு நூல் அதில் சிக்கும். என் மனைவி இதைப் பார்த்துவிட்டு, "பிள்ளையளுக்குக்கூட நீங்கள் இப்பிடிப் பவுடர் போட்டுவிடேல்லை," என்பாள்.

வேட்டைக் காலத்தின் நடுவில்தான் கந்தசஷ்டி வரும். அவள் ஆறு நாளும் விரதம். அந்த ஆறு நாளும் வீட்டில் மச்சமாமிசம் இல்லை, எனக்கு வேட்டையும் இல்லை. மூன்று வருடங்களுக்கு முன் அப்படி நான் சும்மா இருந்த நேரத்தில்தான் மச்சான் வந்து நின்றான்.

"அத்தான், சும்மாதானே கிடக்குது. ஒருக்காத் தாங்கோவன், நானும் போய்ப் பாக்கிறன்."

கொடுத்தேன். மனைவியின் தம்பி கேட்டால் இல்லை என்று எப்படிச் சொல்வது? சூரன்போர் அன்று றிச்மண்ட் ஹில் கோயிலால் நாங்கள் திரும்பி வந்தபோது வில்லைப் பெட்டியோடு கொண்டுவந்து கராஜில் வைத்துவிட்டு வாசலில் நின்றான்.

"எங்க அத்தான், வேலை வேலை எண்டு பெட்டியைத் திறக்கக்கூட நேரம் கிடைக்கேல்லை."

பெட்டியே திறக்காத வில்லுக்கு எதற்குப் பஞ்சு? அந்த ஒரு முறை மட்டும் நான் தடவிப் பார்க்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை காலை, இருபது யார் தூரத்தில் ஒரு கிடாய் மான் வந்து பக்கவாட்டில் நின்றது. நான் இடக்கைப் பழக்கக்காரன். விசை இடது கையில், வில்லைத் தாங்குவது வலது கையில். சாப்பிடுவது மட்டும் வலது கையால், ஏனென்றால் சின்ன வயதில் இடது கையைச் சோற்றில் வைத்தால் அம்மா அகப்பைக் காம்பால் தருவா. விசையை அழுத்தினேன். படார் என்றது. வில்லின் ஒரு கை பிளந்து பறந்தது, நாண் சுழன்று வலது கையைக் கிழித்தது. நான் இருக்கையை விட்டுச் சரிந்தேன். பட்டி பிடித்திராவிட்டால் கழுத்து முறிந்திருக்கும். மான் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் ஓடியது.

பெருவிரலை மடக்கும் நார் அறுந்திருந்தது. தைத்தார்கள், மாதக்கணக்கில் பயிற்சி தந்தார்கள். விரல் திரும்பி வரவில்லை.

உடைந்த வில்லைப் பழுதுபார்க்கும் கடையில் கொடுத்தேன். அங்கே இருந்தவர் நாண் ஓடும் சில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதன் விளிம்பு வளைந்திருந்தது. அம்பு வைக்காமல் யாராவது வெறும் வில்லை இழுத்து விட்டார்களா என்று கேட்டார். அம்பை எறிய வேண்டிய வலு முழுவதும் அப்போது வில்லுக்குள்ளேயே திரும்பி அடிக்குமாம். அன்றைக்கே உடையும், அல்லது மெல்ல வெடித்துவிட்டுப் பிறகு ஒருநாள் உடையும்.

வீட்டுக்கு வந்ததும் மச்சானுக்குப் போன் எடுத்தேன்.

"வெறும் வில்லை விட்டனியோ?"

"ஐயோ அத்தான், சத்தியமா இல்லை. நான்தான் பெட்டியே திறக்கேல்லை எண்டு சொன்னனே."

அந்த வில்லைத் தொட்டது அவனும் நானும் மட்டும்தான். எனக்கு அவன்மேல் ஆத்திரம் வந்தது. வில்லை உடைத்ததற்காக இல்லை. உடைப்பது யாருக்கும் நடக்கும். தரும்போது, "அத்தான், தெரியாமல் விட்டிட்டன்," என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் பஞ்சை எடுத்திருப்பேன். விரல் இருந்திருக்கும். அந்த ஒரு சொல்லை விழுங்கிவிட்டு என் வீட்டிலேயே வந்திருந்து, மூன்று விரலால் லாவகமாகக் கணவாய்க் கறியும் சோறும் அள்ளி அள்ளிச் சாப்பிட்டான். நான் கரண்டியோடு எதிரில் இருந்து பல்லைக் கடித்தேன்.

மனைவியிடம் சொல்லவில்லை. சொன்னால் தம்பியோடு கதையை நிறுத்திவிடுவாள், எல்லாம் அத்தோடு முடிந்துவிடும். எனக்கு முடிய வேண்டாம். ஒரு வருடம் முழுக்கக் கறுவிக்கொண்டே அவனோடு சிரித்துப் பேசினேன்.

அடுத்த வருட வேட்டைக்கு, "வாவன், உனக்கு நான் பழக்கிவிடுறன்," என்று கூப்பிட்டேன். வந்தான். அவனுக்கு என் பழைய பட்டியைக் கொடுத்தேன். மரமேறும் பட்டிகளுக்குக் காலக்கெடு உண்டு. தையல் பார்க்க நன்றாக இருந்தாலும் ஐந்து வருடத்தோடு கழித்துவிட வேண்டும் என்று உள்பக்கத் துண்டில் அச்சடித்திருக்கும். நான் கொடுத்த பட்டியின் கெடு அந்த வருடம் முடிந்திருந்தது. அதோடு அது ஒருமுறை என்னை விழாமல் பிடித்த பட்டி. அப்படிப் பிடித்ததை உடனே எறிந்துவிட வேண்டும். அதுவும் எனக்குத் தெரியும். அவனைக் கொல்ல நினைத்தேனா? இல்லை. ஆனால் அறுந்தால் அறுந்துபோகட்டும் என்று நினைத்தேன். உண்மை அதுதான்.

முதல் நாள் மழை பெய்திருந்தது. நான் ஏணியின் அடியில் அவன் பாவிக்கப்போகும் வில்லைக் கயிற்றில் கட்டிக்கொண்டு நின்றேன். அவன் மேலே பட்டியைக் கொளுவிவிட்டு இருக்கைக்குத் திரும்பினான். சப்பாத்து ஈர இலையில் வழுக்கியது. "அம்மா!" என்ற சத்தத்தோடு ஆள் கீழே வந்தான். பட்டி இழுத்துப் பிடித்தது. அறவில்லை. என் தலைக்கு மேல், கைகாலை உதறிக்கொண்டு, ஏணிக்கு எட்டாமல் தொங்கினான்.

ஏணியில் ஏறி அவன் காலைப் பிடித்து ஒரு படியில் வைத்துவிட ஒரு நிமிடம் போதும். பட்டியில் தொங்குகிறவனை நெடுநேரம் விடக்கூடாது. இரத்தம் காலிலேயே தங்கி மயங்கிவிடுவான், உயிரும் போகலாம். எல்லாம் தெரிந்துகொண்டு நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"அத்தான், இறக்கிவிடுங்கோ!"

"இறக்கலாம். அந்தச் சஷ்டிக்கு என்ர வில்லை என்ன செய்தனி?"

"என்னத்தான் இது, இந்த நேரத்தில…"

"எனக்கு நேரம் கிடக்குது. நீ ஆறுதலாச் சொல்லு."

காலை வீசி ஏணியை எட்டப் பார்த்தான். முகம் வெளிறியது. "கால் விறைக்குது அத்தான்," என்று அழுதான். பார்க்கச் சந்தோசமாக இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், மிகவும் சந்தோசமாக இருந்தது.

"ஓம்! நான்தான்! கூட்டாளிமாருக்குக் காட்ட வெறுமன விட்டனான். ரெண்டு தரம் விட்டனான், போதுமோ?"

இரண்டு தரம்! அதன் பிறகுதான் ஏணியில் ஏறினேன்.

காருக்குள் ஹீற்றரைப் போட்டுவிட்டுப் பிளாஸ்கில் இருந்த தேத்தண்ணியை ஊற்றிக் கொடுத்தேன். வென்றுவிட்டேன் என்ற திமிரில் நான் நிமிர்ந்து இருந்தேன். அவன் பட்டியைக் கழற்றி மடியில் வைத்து, உள்பக்கத் துண்டைப் பெருவிரலால் தடவினான்.

"இதைக் காலமையே பாத்தனான் அத்தான். கெடு முடிஞ்சது எண்டு எழுதிக் கிடந்தது."

"பாத்துப்போட்டு ஏன் போட்டனி?"

"நீங்கள் தெரிஞ்சுதான் தாறியள் எண்டு விளங்கினது. மாட்டன் எண்டால் ஏன் எண்டு கேப்பியள். பிறகு எல்லாத்தையும் சொல்லவேண்டி வரும். சொல்லுறதைவிடப் போடுறது லேசாக் கிடந்தது."

இரண்டு மணி நேரம் கார் ஓடினேன். ரேடியோவும் போடவில்லை. மில்லிக்கனில் இறங்கும்போது, "அக்காட்டச் சொல்லாதேங்கோ," என்றான். எதை என்று நான் கேட்கவில்லை.

மனைவி சோறு போட்டாள். எனக்கு வழமைபோலக் கரண்டி வைத்தாள். அவன் கையைக் கழுவிவிட்டு வந்து என் கரண்டியைப் பார்த்தான். "அக்கா, எனக்கும் ஒரு கரண்டி தா," என்றான்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவன் கையால் சாப்பிடுவதில்லை. நண்டுக் கறியைக்கூடக் கரண்டியால் தட்டித் தடவி, பாதியைச் சாப்பாட்டுக் கோப்பையிலேயே விட்டுவிட்டு எழும்புவான். "உனக்கென்னடா விசரே? கையால சாப்பிடன்!" என்று மனைவி ஒவ்வொரு முறையும் ஏசுவாள். அவன் ஒரு கணம் என் முகத்தைப் பார்ப்பான். "கையால சாப்பிடடா," என்று நான் ஒரு சொல் சொன்னால் போதும்.

இன்னும் சொல்லவில்லை.