எங்கள் அணியின் காது

எங்கள் அணிக்கு நான்தான் காது. நாலு பேர் சேர்ந்து செல்போனில் ஆடும் துப்பாக்கிச் சண்டை விளையாட்டு அது. எதிரி கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே அவனுடைய காலடிச் சத்தம் கேட்டுவிடும். எந்தப் பக்கம் என்று நான் சொல்வேன், கேப்டன் முடிவெடுப்பான், மற்ற இருவரும் சுடுவார்கள். காதைக் கழித்துவிட்டால் நான் சுமாரான ஆட்டக்காரன்தான்.

கேப்டன் அம்பத்தூர்க்காரன். அவன் அப்பா அங்குள்ள தொழிற்பேட்டையில், தகடு அழுத்தும் ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தார், மகனுக்கும் அங்கேயே இடம் பேசி வைத்திருந்தார். இரண்டு வருடமாகத் தட்டிக் கழித்தவனிடம் கடைசியாகச் சொல்லிவிட்டார்: பூந்தமல்லி போட்டியில் ஜெயித்தால் உன் இஷ்டம், தோற்றால் திங்கட்கிழமை என்னோடு ஷிஃப்டுக்கு வா. ஜெயிக்கும் அணியைச் சம்பளத்துக்கு எடுத்துக்கொள்ள ஒரு கம்பெனி தயாராக இருந்தது. எனக்கு அந்த நெருக்கடி எதுவும் இல்லை. திருமுல்லைவாயிலில் அப்பாவின் ஃப்ளாட் இருந்தது, கல்லூரியில் இன்னும் ஒரு வருடம் பாக்கி இருந்தது. பயப்படவே எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் போட்டியன்று காலையில் மூன்று தடவை பாத்ரூம் போனேன்.

என் இயர்போன் ஆவடி மார்க்கெட்டில் வயர் மாற்றியது. ரிப்பேர் செய்தவர் இடத்தையும் வலத்தையும் மாற்றி ஒட்டிவிட்டார். திரும்பக் கொண்டுபோய்க் கொடுக்கச் சோம்பல். வலதுக்கான ஆர் என்ற எழுத்துள்ளதை இடது காதில் செருகினால் சரியாகிவிட்டது. ஒரு வருடம் அப்படியே ஆடினேன், அதையே போட்டுக்கொண்டு கடைசிச் சுற்று வரைக்கும் வந்துவிட்டோம்.

கடைசி ஆட்டம் மட்டும் மேடையில். அறிவிப்பாளர் ஸ்பீக்கரில் கத்துவது கேட்கக்கூடாதென்று பெரிய ஹெட்செட் கொடுத்தார்கள். நான் அதைத் தொடாமல் உட்கார்ந்திருப்பதைக் கேப்டன் பார்த்துவிட்டான்.

"இன்னா மச்சான், எனக்கும்தான் பயமா கீது. நீ சத்தத்த மட்டும் கேளு, மிச்சத்த நான் பாத்துக்கிறேன்."

தலையாட்டிவிட்டு ஹெட்செட்டை எடுத்தேன். ஆர் என்ற எழுத்தைப் பார்த்தேன். கை தானாக அதை இடது காதில் வைத்தது.

வெகுநேரம் எங்கள் பக்கம் யாருமே வரவில்லை. ஒரு மாடி வீட்டில் பதுங்கியிருந்தோம். களத்தில் மிஞ்சியிருந்தவை எங்களையும் சேர்த்து இரண்டே அணிகள். அப்போது காலடிச் சத்தம் தெளிவாகக் கேட்டது. "லெஃப்ட்" என்றேன். "எல்லாம் லெஃப்ட்ல திரும்பு" என்றான் கேப்டன். நாலு பேரும் காலி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவர்கள் வலது பக்கப் படியில் ஏறி வந்து நாலு பேரையும் முதுகில் சுட்டார்கள். பத்து விநாடிகூட ஆகியிருக்காது.

ஹெட்செட்டைக் கழற்றும்போதுதான் புரிந்தது: அது சரியாகத்தான் இருந்தது, நான்தான் பழக்கத்தில் மாற்றி மாட்டியிருந்தேன். மாற்றி மாட்டியதை யாரும் பார்த்துவிடுமுன் ஹெட்செட்டை மேஜையில் வைத்துத் திருப்பிவிட்டேன். திருப்பிவிட்டேன் என்பதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. மாட்டியது பதற்றம். திருப்பியது நான்.

மேடைக்குப் பின்னால் கம்பெனி ஆள் வந்தார். உதிரி ஆட்டக்காரன் ஒருவன் தேவைப்படுவதாகவும், எங்களில் ஒருவனை எடுக்கலாமென்று நினைப்பதாகவும் சொன்னார். கடைசியில் என்ன ஆயிற்று என்று கேப்டனிடம் கேட்டார்.

அவனுக்கு முகம் செத்துப்போயிருந்தது. "எம்மேலதான் சார் தப்பு. அம்மாஞ் சத்தத்துல எவனுக்கும் கொயம்பும். ரெண்டு பேர அந்தாண்ட நிறுத்தி வெச்சிருக்கணும். நாலு பேரையும் ஒண்ணா திருப்புனது நான்தான்." பிறகு என் தோளில் கையைப் போட்டான். "இவன் காது மாரி காது கெடிக்காது சார். இவன எட்த்துக்கோங்க."

சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். "தேங்க்ஸ் சார்" என்றுதான் வந்தது.

அந்தக் கம்பெனியில் எட்டு மாதம் சம்பளம் வாங்கினேன், பிறகு அனுப்பிவிட்டார்கள். கேப்டன் அந்தத் திங்கட்கிழமையே ஷிஃப்டுக்குப் போனான், இன்னும் அங்கேதான் இருக்கிறான். போனமாதம் ரயிலில் பார்த்தேன். கூட வேலை செய்பவர்களிடம் என்னை அறிமுகப்படுத்தினான். "நம்ம டீம்ல ஆடுனவன். நான் மட்டும் அன்னிக்கு ஒயுங்கா ஆடியிருந்தா, எங்கியோ போயிருப்போம்" என்றான். நான் சிரித்துவைத்தேன். அவன் புத்தகம் படிக்கிற ஆள் இல்லை. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.