ஒரே தப்புக்கு இரண்டு வார்த்தை

ஒரகடத்தில் காருக்கு பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் சில்வியா பதினோரு வருடமாகப் பாகங்களைச் சோதித்துப் பார்க்கும் வேலையில் இருந்தாள். மணிமங்கலத்துக்காரி. தமிழில் பன்னிரண்டாவது வரை படித்தவள். ரிப்போர்ட்டெல்லாம் இங்கிலீஷில் வரும் என்பதால், தெரியாத வார்த்தைகளைப் போனில் தேடி ஒரு நோட்டில் எழுதி வைப்பாள்.

போன ஜூலையில் வாங்கியவர்களிடமிருந்து ஒரு பெட்டி திரும்பி வந்தது. உள்ளே நாற்பது பாகங்களில் துளையே இல்லை. மெஷினில் நின்றவள் நாச்சியார். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒப்பந்தத் தொழிலாளி. துளை போடும் டிரில் உடைந்ததை அவள் கவனிக்கவில்லை. மணிக்கொரு தரம் ஐந்து பாகங்களை எடுத்துப் பார்க்க வேண்டியவள் சில்வியா. அந்தப் பாகங்கள் ஓடியபோது ஷிப்ட் முடிகிற நேரம். கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடிக்கிற அவசரத்தில், பார்க்காமலே பார்த்ததாக டிக் போட்டுவிட்டுப் போயிருந்தாள்.

இன்ஜினியர் ஜீவானந்தம் எழுதிய ரிப்போர்ட் கையெழுத்துக்கு வந்தது. நாச்சியார் பெயருக்கு நேரே 'நெக்லிஜென்ஸ்'. சில்வியா பெயருக்கு நேரே 'ஓவர்சைட்'. முன்னது அலட்சியம் என்று தெரியும். பின்னது ஏதோ மேற்பார்வை என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டாள். மறுநாள் நாச்சியாரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஞாயிறு பூசை முடிந்து வந்து அந்த வார்த்தையைத் தேடினாள். மேற்பார்வை என்றுதான் இருந்தது. அதன் கீழேயே, தெரியாமல் கவனிக்கத் தவறுவது என்றும் இருந்தது. பார்த்துக்கொள்வதற்கும் பார்க்காமல் விடுவதற்கும் ஒரே சொல்லா என்று சிரிப்பு வந்தது. சிரிப்பு நிலைக்கவில்லை. அவள் தெரியாமல் தவறவில்லையே. தெரிந்தேதானே டிக் போட்டாள்? நோட்டை மூடி வைத்துவிட்டாள். அன்று வைத்த மீன் குழம்பில் உப்பில்லை என்று வீட்டுக்காரர் சொன்ன பிறகுதான் கவனித்தாள்.

நான்கு நாள் இழுத்தடித்துவிட்டு, இருங்காட்டுக்கோட்டையில் நாச்சியார் தங்கியிருந்த அறைக்குப் போனாள். நாச்சியார் பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா, ஊருக்கா?"

"வேற என்னக்கா செய்ய? வேல கேட்டுப் போற எடத்துலெல்லாம் ஏன் நிறுத்துனாங்கன்னு கேக்காங்க."

"அன்னிக்கு நான் பீஸ எடுத்துப் பாக்கவே இல்ல. பாத்தேன்னு டிக் போட்டுட்டேன்."

நாச்சியார் கையிலிருந்த சுடிதாரைக் கீழே வைத்தாள். "இத எங்கிட்ட சொல்லி என்னத்துக்குக்கா? அங்கன போயி சொல்லுங்க."

மறுநாள் காலை மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் சில்வியா சொன்னாள். ஜீவானந்தம் அவளைத் தனியே அழைத்தார். "முடிஞ்சுபோன கேஸ் சில்வியா. உங்களுக்காகத்தான் அந்த வார்த்தையப் போட்டேன்."

"தெரியுது சார். எனக்கு அது வாணாம். அவளுக்குப் போட்டதையே எனக்கும் போடுங்க."

விசாரணை நடந்தது. சில்வியாவை ஒரு வாரம் சஸ்பெண்ட் செய்து, பிறகு பேக்கிங்குக்கு மாற்றினார்கள். நாச்சியாரைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். கேன்டீனில் அவள் வேறு மேசையில் உட்காருகிறாள். சில்வியா இன்னும் அந்த மேசைப் பக்கம் போகவில்லை.