ஆறுதல்காரர்களின் உளுந்து வடை

போன வாரம் அஞ்சுகிராமத்தில் பஸ்ஸுக்காக நின்றபோது எதிர்ச் சந்திலிருந்து உளுந்து வடை வாசம் வந்தது. எண்ணெய்ப் பலகாரத்தைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து என் மூக்கு நாய் மூக்காகிவிட்டது. "யார் வீட்டுல கல்யாணம்?" என்று வெற்றிலைக் கடைக்காரரிடம் விசாரித்தேன்.

"கல்யாணமா! அந்த வீட்டு அம்மைக்கு வாதம் இழுத்துக் கிடக்கு. ஜெபத்துக்கு ஆளுவ வாறாவ. அதுக்குத்தான் வடை."

பஸ் வந்தது, போனது. நான் வாசத்தில் ஏறி வேறெங்கோ போயிருந்தேன்.

நோய் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் பின்னாலேயே வடைச் சட்டியும் நுழையும். எங்கள் பக்கத்துச் சபைகளில் அது எழுதாத சட்டம். சுதந்திரம் வந்து நாலைந்து வருடம் இருக்கும்; நாங்கள் அப்போதும் திருவிதாங்கூர்–கொச்சிக்காரர்கள். மயிலாடிக்குக் கிழக்கே ஒரு சபைப் பள்ளிக்கூடத்தில் நான் வாத்தியாராகச் சேர்ந்த புதிது. பாடம் நடத்தத் தெரிகிறதா என்று யாரும் கேட்கவில்லை. பாடத் தெரிகிறது என்று கண்டுபிடித்து, வீட்டு ஜெபக் குழுவில் சேர்த்துவிட்டார்கள்.

குழுவுக்குத் தலைவர் பாக்கியநாதன் டீக்கனார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கறுப்புக் குடை. துக்கத்தை மோப்பம் பிடிப்பதில் அவரை யாரும் மிஞ்ச முடியாது. ஒரு வீட்டில் இருமல் கேட்டால் இங்கே குடை விரியும். மழை இரண்டு வருடமாக ஏமாற்றியிருந்தது. குளங்கள் பாளம்பாளமாக வெடித்துக் கிடந்தன. கிழக்கிலிருந்து காற்று வீசினால் வட்டக்கோட்டைக் கடலின் உப்பு உதட்டில் ஒட்டும், ஈரம் ஒட்டாது. ஊரே மரச்சீனி என்னும் மரவள்ளிக் கிழங்கை அவித்துத் தின்றது. நாங்கள் மட்டும் வீடுவீடாக வடை தின்றோம்.

டீக்கனார் வேத வசனத்தை வெற்றிலைபோல மெல்லுவார். சாறு அவருக்கு, எச்சில் நோயாளியின் முகத்தில். எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரே கதைதான்: எல்லாவற்றையும் இழந்து, சாம்பலில் உட்கார்ந்து, ஓட்டுச் சில்லால் புண்ணைச் சுரண்டிய நீதிமானின் கதை. "அவருக்கே அந்தப் பாடுன்னா நீ எம்மாத்திரம் மக்கா? மறைச்சு வச்ச பாவம் என்னன்னு யோசிச்சுப் பாரு" என்பார். இதற்குப் பெயர் ஆறுதல். 'ஆமென்' சொல்லும்போது ஒரு கண் மூடியிருக்கும். இன்னொரு கண் அடுக்களை வாசலில் இருக்கும்.

மாசிலாமணி அண்ணாச்சி மயிலாடியிலிருந்து கல் ஏற்றிப்போகும் வண்டிக்காரர். டைபாய்டு அவரை உரித்துப் போட்டுவிட்டது. சுரம் இறங்கியபோது பாயில் எலும்பும் இரண்டு கண்களும்தான் மிச்சம். "இனி கஞ்சிதான் மருந்து. ஒரு நேரக் கஞ்சி தப்பினாலும் ஆளு தாங்காது" என்றார் வைத்தியர். வீட்டில் இருந்தது ஒரு சின்னப் பானை அரிசி. அவர் மனைவி ஏசுவடியாள் அதில் ஒரு மணியைக்கூடத் தன் வாயில் போடவில்லை. எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் வாடகை அறை அந்த வீட்டுக்கு அடுத்ததுதான். ஜன்னலுக்குக் கதவு கிடையாது. எனக்கு நாகரிகமும் கிடையாது.

ஜன்னலுக்கு நேராக முள்வேலி. வேலியில் ஓர் ஆள் குனிந்து வரும் அளவுக்குக் கடவு. அந்தப் பக்கம் தங்கக்கனி. நெற்றியில் வெள்ளை நாமம், வாய் திறந்தால் 'அய்யா உண்டு' என்று தன் சாமியைச் சொல்லும் அய்யாவழிக்காரி. மத்தியானமானால் கிழங்கும் கத்தியுமாக வந்து கடவில் உட்காருவாள்.

"ஏட்டி, அந்த இடையன் பாட்ட ஒருக்கா படி."

ஏசுவடியாள் வேதத்தைத் திறந்து மேய்ப்பன் சங்கீதத்தை வாசிப்பாள். ராகம் கிடையாது, விளக்கம் கிடையாது. தாகத்துக்குத் தண்ணீர் மோந்து கொடுப்பதுபோல இருக்கும். தங்கக்கனி கண்ணைத் துடைத்துக்கொள்வாள். "உங்க இடையன் எங்க அய்யா மாதிரில்லா இருக்காரு!"

"இருக்கட்டும் மைனி."

இது டீக்கனார் காதுக்குப் போயிற்று. "அவள ஆத்தும ஆதாயம் பண்ணிட்டியா? நாமத்த அழிச்சாளா?"

"அவ கேக்கா, நான் படிக்கேன். அவ நெத்தியில எனக்கென்ன வேல டீக்கனாரே?"

அவர் முகம் சுண்டிப்போனது. ஆனால் பசி பெரிய கிறிஸ்தவன், மன்னித்துவிடும். ஏற்கெனவே இரண்டு முறை அங்கே ஜெபம் நடத்தி, அவள் வளர்த்த கோழிகளை விற்கவைத்து, உளுந்தாக்கித் தின்றாகிவிட்டது. மூன்றாவது ஜெபம் புதன்கிழமை என்று சபைக் கோவிலில் அறிவித்தார். வாசலில் அவளைத் தனியே கூப்பிட்டுப் பெருந்தன்மையோடு சொன்னார்: "உளுந்து கிடைக்கலேன்னா சங்கடப்படாத மக்கா. அரிசியில நாலு கொழுக்கட்ட அவிச்சாப் போதும்."

அந்தப் பானை அரிசி!

செய்யாவிட்டால் ஊர் சும்மா விடுமா? 'விசுவாசத்தில் குளிர்ந்தவள்' என்று பேர் வரும். நாளைக்குச் சாவு விழுந்தால் பெட்டி தூக்க ஆள் யோசிக்கும். செய்தால், தூக்குவதற்கு ஒரு பெட்டி நிச்சயம். புதன்கிழமை காலை நான் பாட்டுப் புத்தகத்தோடு அந்த வீட்டுக்குள் நுழையும்போதே அடுக்களையைப் பார்த்தேன். அடுப்பு அணைந்திருந்தது. எனக்குப் பகீரென்றது. மனிதாபிமானம் என்று நினைத்துவிடாதீர்கள். காலையில் நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

டீக்கனார் தொண்டையைச் செருமினார். ஏசுவடியாள் முந்திக்கொண்டாள். "இன்னைக்கு நான் வாசிக்கேன்."

அதே சாம்பல் கதைதான். ஆனால் அவள் எடுத்தது வேறு இடம். நீதிமானின் நண்பர்கள் வருகிறார்கள். அவன் துக்கம் மகா பெரியது என்று கண்டு, ஏழு நாள் அவனோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவ்வளவில் வேதத்தை மூடினாள்.

"அவிய ஏழு நாள் இருந்தாவ. நாம இன்னைக்கு ஒரு நாள், பொழுது அடையுற வரைக்கும் பேசாம இருப்போம். உபவாசம்."

வேதத்தில் உள்ளது. யார் மறுக்க முடியும்? எல்லோரும் தரையில் உட்கார்ந்தோம். பேச்சு இல்லாத ஜெபக் குழுவை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். இறகு பிடுங்கிய கோழிகள் மாதிரி இருந்தோம். கொஞ்ச நேரத்தில் ஒருவருக்கு மாடு அவிழ்ந்திருக்கும் என்று தோன்றிவிட்டது. இன்னொருவருக்கு முழங்கால் பிடித்தது. வசனத்தை நம்பிக் கடலில் நடக்கச் சொன்னவர்கள், வசனத்தை நம்பி ஒரு காலைப்பொழுது பட்டினி கிடக்க முடியாமல் செருப்பைத் தேடினார்கள்.

மத்தியானம் ஏசுவடியாள் எழுந்து அடுப்பை மூட்டினாள். கஞ்சி கொதிக்கும் வாசம் வந்ததும் டீக்கனார் நிமிர்ந்தார். அது பாயில் கிடந்தவருக்குப் போனது. டீக்கனாரால் தாங்க முடியவில்லை.

"இது எந்த ஊரு முறை, ஏட்டி?"

"நீங்க வாசிக்காம விட்ட இடம், டீக்கனாரே."

குடையை மறந்துவிட்டுப் போனார்.

கடவு வழியே தங்கக்கனி அவித்த கிழங்கோடு வந்தாள். "சாரே, உம்ம வயிறு பாடுத பாட்டு வேலி வரைக்கும் கேக்கு. இந்தாரும்." ஏசுவடியாள் முதல் கரண்டிக் கஞ்சியை ஊட்டினாள். பல நாளாகப் பேசாமல் கிடந்த மாசிலாமணி அண்ணாச்சி உதட்டைச் சுழித்தார்.

"உப்பு இல்லியே."

இரண்டு பெண்களும் சிரித்துக்கொண்டே அழுதார்கள். பிறகு தங்கக்கனி மூக்கைச் சிந்திவிட்டு, "அந்தப் பாட்ட ஒருக்கா படி" என்றாள். எனக்கு விசுவாசம் என்று ஏதாவது இருந்தால், அது அந்தக் கிழங்கோடு உள்ளே போனதுதான். கோவிலில் கிடைத்தது இல்லை.

அண்ணாச்சி பிழைத்து, இன்னும் பல வருடம் வண்டி ஓட்டினார். இன்று அவர் இல்லை; அந்த இரண்டு பெண்களும் இல்லை. டீக்கனார் மட்டும் போகவில்லை. பெயரையும் உடம்பையும் மாற்றிக்கொண்டு, ஜீப்பில் ஒலிபெருக்கி கட்டி வருகிறார். குரல் பெருத்திருக்கிறது, கண் அதே அடுக்களை வாசலில்.

போன வாரம், அந்த வடை வாசத்துக்குப் பிறகு வந்த பஸ்ஸில், அண்ணாச்சியின் ஊருக்கே போனேன். முள்வேலியைக் காணோம். சிமென்ட் மதில், மேலே கண்ணாடிச் சில்லு. அயலானை நேசிப்பது பற்றிய வசனத்தை மதில் நீளத்துக்கும் நீலப் பெயிண்டில் எழுதியிருந்தார்கள். தங்கக்கனி உட்கார்ந்து கிழங்கு நறுக்கிய இடம் எது என்று தேடிப் பார்த்தேன். வசனத்தின் நடுவில் எங்கேயோ இருந்தது.