ஐந்தாம் எண் ஃபில்டர்

தராசக்காவுக்குப் பொறாமை வந்தால் மூக்கு நுனி அரிக்கும். சிரிக்காதீர்கள், உண்மை. வேறு வேலையில் இருப்பவளுக்கு அரித்தால் சொறிந்துகொண்டு போய்விடலாம். அவள் இருந்ததோ தராசு அறை. அங்கே மூக்கைத் தொட்டால் உடனே கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு வேறு மாட்டிக்கொள்ள வேண்டும். சின்னவள் வேலைக்குச் சேர்ந்த இந்த மூன்று வருடத்தில் அவள் எத்தனை கையுறை மாற்றினாள் என்பது ஸ்டோர்காரருக்குத்தான் தெரியும். அவரும் ஒருநாள் வாய்விட்டே கேட்டுவிட்டார், "என்னக்கா, கையுறைய சாப்பிடுறீங்களா?" என்று.

அது ஒரு பரிசோதனைக்கூடம். கீழ்த்தளத்தில் கட்டடப் பொருள்கள்: செங்கல், மணல், கம்பி, 'க்யூப்' என்கிற கான்கிரீட் கட்டிகள். மாடியில் காற்றும் தண்ணீரும். சாலையோரத்திலும் ஆலை வாசலிலும் நிறுத்தி வைக்கிற இயந்திரம் ஒருநாள் முழுக்கக் காற்றை உறிஞ்சும். அதற்குள் வட்டமான வெள்ளை ஃபில்டர் ஒன்று இருக்கும். போகும்போது வெள்ளை, திரும்பி வரும்போது கரித்துணி நிறம். போகுமுன் ஒரு எடை, வந்தபின் ஒரு எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த இயந்திரம் உறிஞ்சிய காற்றில் இருந்த தூசி. அங்கே குடியிருக்கிறவர்களின் மூச்சில் போவதும் அதே தூசிதான். அதைப் பத்தொன்பது வருடமாக எடை போட்டுச் சொல்கிறவள் தராசக்கா.

தராசு என்றால் காய்கறிக் கடைத் தராசு இல்லை. கல் மேசைமேல், கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கும். பக்கத்தில் நின்று பெருமூச்சு விட்டால் எண் ஆடும். விரல் ரேகை பட்டால் அந்த ரேகைக்கும் எடை காட்டும். கீழே க்யூப் அண்ணன் கான்கிரீட் கட்டியை இயந்திரத்தில் அழுத்தி உடைக்கும்போது 'டம்' என்று ஒரு சத்தம் வரும் பாருங்கள், தராசு மிரண்டுபோய்க் கொஞ்ச நேரம் கண்டபடி உளறும். அதற்காகவே கீழே ஒரு சிவப்பு பல்பு. மேலே எடை போடும்போது சுவிட்சைப் போடுவார்கள், அது அணைகிறவரை அண்ணன் எதையும் உடைக்கக்கூடாது. தராசக்கா போட்டால், "மகாராணி எடை போடுறாங்க, எல்லாரும் மூச்சப் பிடிச்சுக்கோங்க!" என்று கத்துவார். சின்னவள் போட்டால், "பாவம், பொண்ணு வேல பாக்குது, சத்தம் போடாதீங்கப்பா" என்பார். ஒரே பல்பு, ஒரே சிவப்பு. வயிறு எரியுமா, எரியாதா?

சின்னவள் வேறு யாரும் இல்லை, தராசக்காவின் ஓரகத்திதான், கொழுந்தன் மனைவி. ஒரே வீடு, மேல் போர்ஷன், கீழ் போர்ஷன். அவளை இந்த வேலைக்குக் கொண்டுவந்ததே தராசக்காதான். நல்ல மனசு என்று நினைத்துவிடாதீர்கள். சின்னவள் வீட்டிலேயே இருந்துகொண்டு மாமியாரிடம் நல்ல பெயரை மூட்டை மூட்டையாய் வாங்கிக்கொண்டிருந்தாள். வெளியே வந்து எட்டு மணி நேரம் நின்று பார்க்கட்டும், அப்போது தெரியும் சேதி என்று மேலாளரிடம் சொல்லிச் சேர்த்துவிட்டாள்.

சேதி தெரிந்தது தராசக்காவுக்குத்தான். அவள் இரண்டு வருடம் திணறிக் கற்றதைச் சின்னவள் ஆறே மாதத்தில் கற்றுக்கொண்டாள். இடுக்கியால் ஃபில்டரை எடுத்தால் பூ இதழை எடுப்பதுபோல் எடுத்தாள். நோட்டில் தவறாக ஓர் எண் எழுதினால் அழிக்கக்கூடாது, மை பூசக்கூடாது, ஒரே ஒரு கோடு போட வேண்டும், அடியில் இருப்பது படிக்கும்படி இருக்க வேண்டும், பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்தும் தேதியும் போட வேண்டும் என்பது அங்கே சட்டம். சின்னவளின் நோட்டில் அந்தக் கோடே அபூர்வம். போதாததற்குத் தராசக்காவின் சொந்த மகள் பரீட்சைக்குப் படிக்க, "சித்தி சொன்னாத்தான்மா புரியுது" என்று கீழ் போர்ஷனுக்கு இறங்கிப் போனாள். பெற்ற வயிறு என்ன பாடுபடும்!

இந்த வேலைக்காகத் தராசக்கா விட்டது கொஞ்சமா? முகத்தில் பவுடர் போட்டுப் பத்தொன்பது வருடமாகிறது. போட்டால் உதிரும், உதிர்ந்தால் எடை. கல்யாண வீட்டுப் படங்களில் எல்லாம் எண்ணெய் வடியும் மூஞ்சியோடு நிற்பது அவள் ஒருத்திதான். அப்படி இருந்தும் ஒரு அறிக்கையில்கூட அவள் பெயர் இல்லை. அறிக்கையின் அடியில் கையெழுத்துப் போடும் அதிகாரம் மேலாளருக்கு மட்டும்தான். அவள் எடை போடுவாள், அவர் சுழித்துவிட்டுப் போவார். வீணாய்ப்போன தாள்களின் முதுகில் அவள் தன் கையெழுத்தைப் போட்டுப் போட்டுப் பழகி வைத்திருந்தாள். கடைசி எழுத்திலிருந்து ஒரு வால் இழுத்து, அதன்கீழ் இரண்டு புள்ளி. அதை ஒரே ஒரு அறிக்கையில் போட்டுப் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை.

அந்தச் சமயத்தில்தான் மேலாளர் இருவரையும் கூப்பிட்டார். "காத்துப் பிரிவுக்கு இன்னொரு கையெழுத்து அதிகாரி வேணும்னு மேலிடத்துல சொல்லிட்டாங்க. ஒரு இடம்தான். அடுத்த வாரம் ஆடிட்டர் வர்றார். எட்டு ஃபில்டர் முன்னாடியே அனுப்பிடுவார், சரியான எடை அவர் உறைக்குள்ள இருக்கும். நீங்க ரெண்டு பேரும் தனித்தனியா எடை போடணும். யாரோடது ஒத்துப்போகுதோ அவங்க."

"அக்காதான் சார், இதுல என்ன இருக்கு?" என்றாள் சின்னவள்.

இப்படிச் சொல்லி வேறு நல்ல பேர் வாங்கிக்கொள்கிறாளே என்று தராசக்காவுக்கு மூக்கு அரித்தது.

தணிக்கையாளர் வந்தார். ஒல்லியான மனிதர், சிரிப்பை வீட்டில் வைத்துவிட்டு வந்தவர். முந்தின நாளே அவர் அனுப்பியிருந்த எட்டு ஃபில்டர்களும் ஈரம் உறிஞ்சும் மணிகள் போட்ட கண்ணாடி ஜாடிக்குள் காய்ந்துகொண்டிருந்தன. காலையில் தராசக்காவின் முறை. சிவப்பு பல்பைப் போட்டாள். ஒவ்வொன்றாக எடுத்தாள், வைத்தாள், எண் அசையாமல் நிற்கும்வரை மூச்சைக்கூடப் பக்கவாட்டில் விட்டாள். எட்டும் முடிய நாற்பது நிமிஷம். எண்களை எழுதி உறையிலிட்டு ஒட்டினாள். தன் எண்கள் சரி என்று அவளுக்குத் தெரியும். பிற்பகல் சின்னவளின் முறை.

நடுவில் சாப்பாட்டு வேளை. அத்தோடு பேசாமல் இருந்திருந்தால் கதையே இல்லை. கை கழுவிவிட்டு மேலாளரின் அறையைத் தாண்டும்போது உள்ளே அவர் தணிக்கையாளரிடம் பேசுவது காதில் விழுந்தது. "ரெண்டு பேரும் நல்லாத்தான் செய்வாங்க சார். ஆனா சின்னவங்க கையெழுத்த நீங்க பாக்கணுமே, அச்சடிச்ச மாதிரி இருக்கும். அறிக்கையில போட்டா பளிச்சுன்னு இருக்கும்."

தராசக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எடை போடுவதில் மிஞ்சட்டும், வீட்டில் மிஞ்சட்டும், கையெழுத்திலுமா? வாலும் இரண்டு புள்ளியுமாக எத்தனை வருடம் பழகியது! எடை இரண்டும் ஒத்துப்போனால் அப்புறம் எழுத்தைத்தானே பார்ப்பார்கள்?

நோட்டை எடுக்கிற சாக்கில் தராசு அறைக்குள் போனாள். ஒருவரும் இல்லை. ஜாடிக்குப் பூட்டெல்லாம் கிடையாது. பழக்கத்தில் மாட்டிக்கொண்ட கையுறைகளில் வலது கையுடையதைக் கழற்றினாள். மூக்கு அரித்துக்கொண்டே இருந்தது, கட்டை விரலால் நன்றாகத் தேய்த்துக்கொண்டாள். பவுடர் காணாத மூக்கு, எண்ணெய்க்குக் குறைவா? ஜாடியைத் திறந்தாள். கைக்கு எட்டியது ஐந்தாம் எண். அதன் ஓரத்தில் அந்தக் கட்டை விரலை வைத்து ஒரே ஒரு அழுத்து. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. மூடிவிட்டு வந்து தண்ணீர் குடித்தாள். தண்ணீர் பாதி புடவையில் கொட்டியது.

பிற்பகல் சின்னவள் எடை போட்டாள். ஐந்து மணிக்கு மேலாளர் அறையில் உறைகளைப் பிரித்தார்கள். தராசக்காவின் எட்டும் அச்சாக ஒத்துப்போயின. சின்னவளுடையதில் ஏழு சரி. ஐந்தாவது மட்டும் அறுபது மைக்ரோகிராம் கூட. தணிக்கையாளர் எழுந்துபோய்த் தாமே அதை எடை போட்டுப் பார்த்தார். கூடத்தான் காட்டியது.

"காலையில சரியா இருந்திருக்கு. இப்ப கூடியிருக்கு. இடையில யாரோ வெறுங்கையால தொட்டிருக்காங்க," என்றார். "யாரு?"

தராசக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. வலது கட்டை விரலைப் புடவைத் தலைப்புக்குள் சுருட்டிக்கொண்டாள்.

"நான்தான் சார்," என்றாள் சின்னவள்.

"தொட்டது ஞாபகம் இருக்காம்மா?"

"ஞாபகம் இல்ல சார். ஆனா அக்கா கை பட்டிருக்காது. பத்தொன்பது வருஷமா மூஞ்சிக்குப் பவுடர்கூடப் போடாதவங்க அவங்க. அப்ப மிச்சம் இருக்கிறது என் கைதானே?"

தணிக்கையாளர் தலையாட்டினார். கெட்டுப்போன ஃபில்டருக்கெல்லாம் ஒரு பிழைத் தாள் எழுத வேண்டும்: எது கெட்டது, யார் கையால், காரணம் என்ன. சின்னவள் உட்கார்ந்து எழுதினாள். யார் கையால் என்ற கட்டத்தில் தன் பெயர். காரணம் என்ற கட்டத்தில் 'கவனக்குறைவு'. அதற்குள் மேலாளர் நியமனக் கடிதத்தில் தராசக்காவின் பெயரை எழுதித் தணிக்கையாளரிடம் நீட்ட, அவரும் கையெழுத்திட்டுவிட்டார். மேலாளருக்கு ஒரே குஷி. "அக்கா, இனிமே நீங்கதான் கையெழுத்து அதிகாரி. இந்தப் பிழைத் தாள்லயே ஆரம்பிச்சு வைங்க. முதல் கையெழுத்து!"

பேனாவை வாங்கினாள். பத்தொன்பது வருடம் காத்திருந்த கட்டம், தாளின் அடியில் காலியாக இருந்தது. மேலே சின்னவளின் எழுத்து அச்சடித்த மாதிரி இருந்தது. ஒரு எழுத்துகூட நடுங்கவில்லை. செய்யாத தப்பை ஒப்புக்கொள்கிறவள் எழுத்து அப்படி இருக்கிறது, செய்தவளுக்குப் பேனா பிடிக்க விரல் நிற்கவில்லை. பக்கத்தில் நின்று, "போடுங்கக்கா" என்று வேறு சிரிக்கிறாள். அடிப்பாவி! நல்ல பெயர், சுறுசுறுப்பு, என் மகள், எழுத்து, எல்லாம் எடுத்துக்கொண்டாய். கடைசியில் நேர்மையும் உனக்கேவா? இந்தத் தாள் கோப்பில் இருக்கிறவரை என்னைவிடப் பெரியவளாக நீ அதில் உட்கார்ந்திருப்பாயா? மூக்கு அரிக்கவில்லை, எரிந்தது.

சின்னவளின் பெயர்மேல் ஒரே ஒரு கோடு போட்டாள். பக்கத்தில் தன் பெயரை எழுதினாள். 'கவனக்குறைவு' என்பதன்மேல் இன்னொரு கோடு. பக்கத்தில், 'பொறாமை' என்று எழுதினாள். இரண்டுக்கும் அருகில் கையெழுத்துப் போட்டாள். வால் கோணிக்கொண்டு போயிற்று, புள்ளி ஒன்றுதான் விழுந்தது.

"அக்கா, என்ன எழுதுறீங்க?" என்று எட்டிப் பார்த்த சின்னவள் அந்த வார்த்தையைப் படித்தாள். "ஏன்க்கா?"

"அதான் எழுதியிருக்கேன்ல. படிக்கத் தெரியாதா?"

மேலாளர் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டார். தணிக்கையாளர் மட்டும் அசையவில்லை. தாளை வாங்கி மேலும் கீழும் படித்துவிட்டு, "திருத்தத்துக்குப் பக்கத்துல தேதி போடலையேம்மா," என்றார். தேதி போட்டுக் கொடுத்தாள். பிறகு அவர் நியமனக் கடிதத்தை எடுத்து, அவள் பெயர்மேல் ஒரே ஒரு கோடு போட்டார். மேலே சின்னவளின் பெயரை எழுதிக் கையெழுத்தும் தேதியும் போட்டார். கோட்டுக்கு அடியில் தராசக்காவின் பெயர் நன்றாகவே படிக்கும்படி இருந்தது.

வேலையைவிட்டு அனுப்பவில்லை. தராசு அறைக்குள் கால் வைக்கக்கூடாது என்று கீழே க்யூப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். வீட்டில் சின்னவள் வாயைத் திறக்கவில்லை. அதற்கும் சேர்த்துத் தராசக்காவுக்கு ஆத்திரம்தான். திங்கட்கிழமை காலை அவள் பவுடர் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தாள். க்யூப் அண்ணன் பார்த்தார், கிண்டல் செய்ய வாயெடுத்தார், என்ன நினைத்தாரோ, துடைக்கும் துணியை நீட்டினார். கான்கிரீட் கட்டியைத் துடைத்து இயந்திரத்தில் வைக்கக் கற்றுக்கொடுத்தார். அழுத்தத் தொடங்கப் போனபோது சிவப்பு பல்பு எரிந்தது.

"கொஞ்சம் நிறுத்துங்கக்கா. மேல எடை போடுறாங்க."

கையை எடுத்துவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். காலையில் மேலே போனவை எட்டு ஃபில்டர், அவளே எண்ணிப் பார்த்திருந்தாள். பல்பு அணைந்தபோது முப்பத்தைந்து நிமிஷம்தான் ஆகியிருந்தது. முப்பத்தைந்தே நிமிஷம், அவளுக்கு நாற்பது! மூக்கு அரித்தது. இங்கே எந்தத் தடையும் இல்லை, சிமெண்டும் பவுடரும் ஒட்டிய விரலால் ஆசைதீரச் சொறிந்துகொண்டு பொத்தானை அழுத்தினாள்.