உம்மாவின் அலமாரியில் ஒரு சட்டை

தஞ்சாவூர் ஒர்க்‌ஷாப்பில் என் பழைய ஆட்டோமேட்டிக் காரின் கியர் ஆயிலைத் துணியில் தொட்டு நீட்டினார் மெக்கானிக். "மோந்து பாருங்கம்மா. ஆயில் கருகிடுச்சு, அதான் கியர் லேட்டா மாறுது."

அதே வாசம். துபாயில் மெக்கானிக்காக இருந்த வாப்பா லீவுக்கு வந்தால் பெட்டியில் இந்த ஆயில் வாசத்தோடு ஒரு வேலைச் சட்டை இருக்கும். அவர் திரும்பிப் போனதும் உம்மா அதைத் துவைக்காமல் அலமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்துக்கொள்வார்.

ஒன்பது வயதில், உதவி செய்வதாக நினைத்து, அதைச் சோப்புப் போட்டு அலசிக் கொடியில் போட்டேன். உம்மா ஈரச் சட்டையை முகத்தில் அழுத்திப் பார்த்தார். "நல்லாத்தான் வெளுத்திருக்கே புள்ள" என்றார். வாப்பா வர இன்னும் ஒன்றரை வருஷம் இருந்தது.

வாப்பா இப்போது இல்லை. நாகூர் வீட்டில் உம்மா மட்டும் இருக்கிறார்.

மெக்கானிக் துணியைக் குப்பையில் எறியப் போனார்.

"அதை ஒரு கவர்ல போட்டுக் கொடுங்க" என்றேன்.